கொண்டை வெளுத்த கோழி

ஜோதி ஷெட்டுக்குள் நுழைந்தால் கோழிகளே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும் என்று கூட வேலை செய்கிற அத்தாயி கேலி பேசுவாள். அதில் பாதி உண்மைதான். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால் வருகிற அந்தப் பண்ணையில், முட்டை போடுகிற கோழி எது, போடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா தீவனம் தின்கிற கோழி எது என்று ஜோதி ஒரு நடை நடந்தாலே சொல்லிவிடுவாள். கொண்டை சிவந்து தடித்திருந்தால் அது கூண்டிலேயே இருக்கலாம். வெளுத்துச் சுருங்கிவிட்டதா, கதவைத் திறந்து காலைப் பிடித்து வெளியே எடுத்துவிடுவாள். கழிக்கிற கோழி என்று அதற்குப் பேர். பொழுதோடு கறிக்கடை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதில் ஜோதிக்கு வருத்தமும் கிடையாது, சந்தோஷமும் கிடையாது. தீனி தின்றால் முட்டை போட வேண்டும், அவ்வளவுதான் நியாயம்.

வம்பு என்னவென்றால், இதே நியாயத்தை அவள் ஆண்டவரிடமும் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் மகள் அபிநயா காய்ச்சலில் விழுந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அத்தாயி தன் சபையின் பாஸ்டரையும் அவர் மனைவி சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாத அந்த சுகன்யா இரண்டு ராத்திரி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள், ஈரத்துணி மாற்றிப் போட்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட அன்றைக்கு ஜோதி தகரக் கூரை போட்ட அந்தச் சபைக்குள் காலெடுத்து வைத்தாள். வைத்தவள் உட்காரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து பாய் விரிப்பது ஜோதி. மைக்குக்கு ஒயர் இழுப்பது ஜோதி. உபவாச ஜெபம் முடிந்ததும் கஞ்சி காய்ச்சுவது, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வசனம் சொல்லிக்கொடுப்பது, கடைசியில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர்களைத் தேடிப்பிடிப்பது வரைக்கும் ஜோதிதான். பாஸ்டர் இளவழகன் தேவனுடைய அன்பைப் பற்றி உருகி உருகிப் பிரசங்கம் பண்ணும்போது அவள் பின்கட்டில் குண்டா கழுவிக்கொண்டிருப்பாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் காதில் விழுந்தவரைக்கும் அவளுக்குப் பிரசங்கம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பாள். தன் முறை வந்ததும், "எம்பட பாட்ட நான் பாத்துக்கறனுங்க சாமி, நீங்க அவங்களப் பாருங்க" என்று முடித்துக்கொள்வாள்.

தண்ணீரில் முழுகி எடுக்கிற ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. வருஷா வருஷம் பாஸ்டர் கேட்பார். "இன்னும் கொஞ்சம் தேறிக்கறனுங்க" என்பாள். இந்த வருஷம் அவளே போய், "பேரு எழுதிக்கங்க பாஸ்டர்" என்றாள். தேறிவிட்டோம் என்று ஒரு நம்பிக்கை. மே மாத விடுமுறை வேதப் பள்ளிக்கு அத்தனை பிள்ளைகளுக்கும் ஒண்டி ஆளாகச் சமைத்துப் போட்டவள் அவள்.

பாஸ்டர் சிரித்தார். சின்ன வயசுக்காரர், ஜோதியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க்கா, ஆண்டவருக்கு உங்க மேல பிரியம். அது தெரியுமுங்களா?"

"தெரியாம என்னுங்க? வேதத்துல போட்டிருக்குதுல்ல."

"வேதத்துல இருக்குது. உங்க மனசுல இருக்குதுங்களா?"

ஜோதி கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வந்தது. "இருங்க, வாரேன்" என்று போனவள் திரும்பவில்லை.

புரட்டாசி மாதம், கடைசிக்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின திங்கட்கிழமை, ஷெட்டில் தண்ணீர்க் குழாய் கசிந்து நடைபாதை ஈரமாகக் கிடந்தது. கையில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு வந்த ஜோதி அதில் கால் வைத்தாள். அட்டைகள் ஒரு பக்கம் பறந்தன, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். ஓடிவந்த அத்தாயிக்கு முதலில் மஞ்சள்கரு வழிகிற அவள் தலையைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. வலது மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்த பிறகுதான், "அடச் சாமி!" என்று பதறினாள்.

எலும்பு விரிசல் விட்டிருந்தது. விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. "நனையக்கூடாது, கை அசையக்கூடாது, ஒரு வேலையும் செய்யக்கூடாது" என்று டாக்டர் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் ஜோதிக்குப் பெரிய தண்டனையாகப் பட்டது.

அவள் புருஷன் செங்கோடன் லாரி டிரைவர். வடக்கே போக இருந்த லோடை வேறொரு ஆளுக்கு மாற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டான். சபைக்குப் போகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஜோதியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். ஆனால் சமையல் வரும். ரோட்டோரத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்துப் பழகிய கை. அவன் வைத்த ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. எழுந்துபோய்க் குறை சொல்லக்கூட ஜோதிக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சுகன்யா பார்க்க வந்தாள். அவளிடம் ஜோதி சொல்லிவிட்டாள்: "எம்பேர அடிச்சுடச் சொல்லுங்க பாஸ்டரம்மா. இந்த வாட்டி வேண்டாமுங்க."

"கட்டு நனையுமேன்னு பாக்கறீங்களாக்கா?"

"அது ஒண்ணுங்க. இன்னொண்ணு…" ஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பாய் விரிக்க முடியாது. சமைக்க முடியாது. ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்க ஆகாது. இப்படிப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரு முன்னால நிக்கறதுங்க?"

சுகன்யா ஜோதியின் தலையை வாரிப் பின்னிவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். ஜோதிக்கு ஜெபம் முடிகிறவரைக்கும் ஒரே கூச்சம். மற்றவர்களுக்குத் தலை வாரிவிட்ட கைக்கு, தன் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி படுத்தபோது அவள் மனசில் ஓடியது ஷெட்தான். வரிசையாகக் கூண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருகிறார் ஒருவர், அவள் கூண்டு முன்னாலும் வந்து நிற்கிறார். வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியாத பயம் அது.

மறுநாள் காலையில் அத்தாயி ஒரு வெள்ளைக் கோழியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் ஜோதி, இந்தா. மொதலாளி குடுத்தாரு. புரட்டாசியில கறி யாரு திங்கறாங்க? கறிக்கட வண்டி வரலையாம். கழிச்ச கோழிய ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. சாறு வெச்சுக் குடி, எலும்பு கூடும்."

செங்கோடன் கையை உதறினான். "புரட்டாசி முடியற வரைக்கும் இந்த ஊட்டு அடுப்புல கவுச்சி ஏறாது. பெருமாளுக்கு வேண்டிக்கிட்டது."

"அப்ப உங்க பொண்டாட்டி எலும்பு?"

"ரசத்துல கூடட்டும்."

"உங்க ரசத்துலயா? கூடுன எலும்பும் உட்டுப்போயிரும்" என்று சொல்லிவிட்டு அத்தாயி கோழியை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

கோழி விட்ட இடத்திலேயே நின்றது. கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கழுத்தில் இறகு தேய்ந்து தோல் தெரிந்தது. பிறந்ததிலிருந்து கம்பிமேல் நின்ற கால். மண் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ஒரு காலைத் தூக்கியது, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த ஜோதி, வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் அது நாலு எட்டு நடந்தது. சாயங்காலம் ஒரு எறும்பைக் கொத்திவிட்டு அதிர்ந்துபோய்ப் பின்வாங்கியது. மறுநாள் காலையில் செங்கோடன் கொட்டி வைத்திருந்த சாம்பல் மேட்டைக் கண்டுபிடித்தது. முதலில் காலால் கீறிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. பிறகு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, சிறகை விரித்து, ஒரு பக்கமாகச் சரிந்து, சாம்பலை வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டு புரள ஆரம்பித்தது. கண்ணைச் சொருகிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, ஊர் நோம்பிக்குத் திருவிழா பார்க்க வந்த பிள்ளை மாதிரி அப்படி ஒரு குதூகலம். ஜோதி இடது கையால் கம்பு எடுத்து அதன் முன்னால் தூவினாள். தீர்ந்ததும் மறுபடியும் தூவினாள்.

செங்கோடன் கரண்டியோடு எட்டிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, முட்டையும் போடாது, கொழம்புக்கும் இப்ப ஆகாது. அதுக்கெதுக்குக் கம்ப வாரி வாரி எறைக்கற? பண்ணையில இருந்தா நீயே மொத ஆளா வெளிய எடுத்திருப்பியே."

"எதுக்குமில்லீங்க. அது இருக்கறதப் பாத்தா எனக்குச் சந்தோஷமா இருக்குதுங்க."

செங்கோடன் உள்ளே போய்விட்டான். ஜோதியால் அந்த வார்த்தையை விட்டு நகர முடியவில்லை. தான்தான் சொன்னோமா என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக் கொண்டையைப் பார்க்காமல் அவள் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் கோழியைப் பார்க்கிறாள். அதனிடம் வாங்கிக்கொள்ள அவளுக்கு ஒன்றுமில்லை. தர அதனிடமும் ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கண் அதைத்தான் தேடியது.

ஒரு கழிச்ச கோழிமேல் எனக்கே இப்படி இருக்கிறதென்றால்…

அதற்குமேல் நினைக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. வழக்கம்போல ஜெபத்தை ஆரம்பித்துப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர், அடுத்த வீட்டுப் பிள்ளை என்று பேர்களைத் தேடினாள். ஒரு பேரும் நாக்குக்கு வரவில்லை. கடைசியில் மாவுக்கட்டுக் கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான். பதில் என்று ஒரு சத்தமும் கேட்கவில்லை. கோழி சாம்பலில் புரண்டுகொண்டிருந்தது, உள்ளே ரசம் கொதித்தது. ஆனால் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரொம்ப நேரமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பார்வையில் கணக்கு எதுவும் இல்லை என்பது அவளுக்கு வெயில் படுவதுபோலத் தெரிந்தது. பார்க்கிறவருக்கு அவளைப் பிடித்திருந்தது. பாய் விரித்ததற்காக இல்லை, கஞ்சி காய்ச்சியதற்காக இல்லை. சும்மா பிடித்திருந்தது.

ஜோதிக்கு முகம் சூடானது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட வராத வெட்கம். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்க, குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தது. கண்ணில் தண்ணியும் சேர்ந்து வந்தது.

"என்ன புள்ள தனியா சிரிக்கற? மாத்திர ஒத்துக்கலியா?"

"ஏனுங்க, பாஸ்டருக்குப் போன் போட்டுக் குடுங்க. வெரசா."

பாஸ்டர் இளவழகன் அன்றைக்குச் சாயங்காலமே வந்தார். ஜோதி, "நான் ஞாயித்துக்கெழம தண்ணில எறங்கறனுங்க" என்றாள்.

"ரொம்ப சந்தோஷமுங்க்கா. ஆனா அவசரமில்லீங்க. கட்டுப் பிரிச்ச பொறவு உங்களுக்குன்னு ஒரு நாள் வெச்சுக்கலாம்."

"அதாங்க வேண்டாம்." ஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கை நல்லாச்சுன்னா நான் மறுபடியும் ஓடியாடி வேல செய்யத்தாம் போறேன். செஞ்சுட்டு, இதனாலதான் ஆண்டவரு என்னச் சேத்துக்கிட்டாருன்னு நெனச்சுக்குவேன். எம் புத்தி எனக்குத் தெரியாதுங்களா? ஒண்ணுக்கும் ஆகாம உக்காந்திருக்கறப்பவே எறங்கிரோணும். பொறவு பேச்சு மாறக் கூடாது."

தான் மாதக்கணக்கில் எடுக்க நினைத்த பாடத்தை ஆண்டவர் தன்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார் என்று பாஸ்டருக்குப் புரிந்தது. தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரிங்க்கா. இந்த மாவுக்கட்ட என்ன பண்றது? முழுசா முங்கோணுமே."

அந்தக் கேள்வி அடுத்த இரண்டு நாளும் சபையைப் பிடித்து ஆட்டியது. பாலிதீன் பை கட்டலாம் என்றார் ஒருவர். பைக்குள்ளே தண்ணீர் போனால் வெளியே வராது என்றார் இன்னொருவர். அத்தாயி பண்ணையிலிருந்து தடித்த தீவன மருந்துப் பை ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். செங்கோடன் லாரி டியூபிலிருந்து பட்டையாக ரப்பர் அறுத்தான். தன் கையிலேயே பையை மாட்டி, ரப்பரைச் சுற்றி, வாளித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் விட்டு உட்கார்ந்து பார்த்தான்.

"நல்லா நிக்குதுங்க. ஆனா நம்ப முடியாது. கை மட்டும் மேல இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னான்.

"கைய மட்டும் உட்டுட்டு ஞானஸ்நானமா?" என்று அத்தாயி வாயில் கையை வைத்தாள். "மோட்சத்துல கேட்டாங்கன்னா?"

"கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றார் பாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காளியப்பன் தோட்டத்தில் கூடினார்கள். காளியப்பன் சபையின் மூத்தவர். அவருடைய பம்புசெட் தொட்டிதான் அந்தச் சபைக்கு யோர்தான் நதி. விடியற்காலையிலிருந்து மோட்டார் ஓடி, தொட்டி விளிம்பு வரைக்கும் தண்ணீர் பச்சையாகத் தளும்பியது. சுற்றிலும் மரவள்ளிக் காடு. பாய் விரிக்காமல், மைக் இழுக்காமல், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஜோதி சும்மா நின்றாள். அந்த வேலையெல்லாம் யார் யாரோ கோணல்மாணலாகச் செய்து முடித்திருந்தார்கள். பார்த்தாள், சிரித்துக்கொண்டாள், திருத்தப் போகவில்லை.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் சாட்சி சொல்வது அந்தச் சபையின் வழக்கம். ஜோதிக்கு முன்னால் இறங்கியவர் தான் விட்டுவிட்ட பழக்கங்களை விரிவாகச் சொன்னார். ஜோதியின் முறை வந்தது.

"எனக்குச் சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்லீங்க. ஆண்டவரு நம்ம எல்லாரையும் நேசிக்கறாருன்னு பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்குடுத்திருக்கேன். அது பொய்யில்லீங்க. ஆனா அந்தப் பந்தியில நான் பரிமாறிக்கிட்டே இருந்துட்டேன், உக்காந்து சாப்புடல. இந்த வாரம் கைய ஒடிச்சு உக்கார வெச்சுட்டாருங்க. உக்காந்தாத்தான் தெரியுது, எல அப்பவே போட்டிருக்குது, எம்பேருக்கு." குரல் உடைந்தது. உடைந்த குரலோடே சிரித்தாள். "அவ்வளவுதானுங்க. எறங்கிக்கட்டுங்களா?"

பாஸ்டர் தண்ணீருக்குள் நின்று கை நீட்டினார். அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது, மாவுக்கட்டுக் கையை மேலே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். காளியப்பன் தொட்டிச் சுவரில் ஏறப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. "யாராச்சும் எளவட்டம் வாங்கப்பா" என்று அவர் கூப்பிடுவதற்குள், வரப்பில் தள்ளி நின்று பீடியை அணைத்துக்கொண்டிருந்த செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தான்.

"அக்கட்டால நகருங்க. நான் புடிச்சுக்கறேன்."

"உங்களுக்குச் சங்கடம் ஒண்ணுமில்லீங்களே?" என்று பாஸ்டர் கேட்டார்.

"எம் பொண்டாட்டி கைய நான் புடிக்கறதுக்கு என்னங்க சங்கடம்? ஒருக்கா புடிச்சுக் கூட்டிட்டு வந்ததுதான். நீங்க உங்க வேலையப் பாருங்க."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. செங்கோடன் சுவர்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையும் ரப்பருமாக இருந்த அந்தக் கையைக் கண்ணாடிச் சாமானைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி ஜோதியைப் பின்னால் சாய்த்தார். தண்ணீர் மேலே மூடியது. ஒரு கை மட்டும் வெளியே நின்றது.

உள்ளே குளிர்ச்சியும் பச்சை வெளிச்சமும். காதில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு காரியமும் செய்யத் தேவையில்லாத இடம் அது. இரண்டு பேருடைய கை அவளைத் தாங்கியிருந்தது, மூன்றாவதாக ஒருவருடைய கையும் இருந்தது. அதை அவள் நம்பவேண்டியிருக்கவில்லை, உணர்ந்தாள்.

தலை வெளியே வந்ததும் "ஸ்தோத்திரம்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அத்தாயி குலவை போட்டேவிட்டாள். சுகன்யா துண்டை விரித்துக்கொண்டு படியில் நின்றாள். மூக்கில் தண்ணீர் ஏறி ஜோதி தும்மினாள், தும்மலுக்கு நடுவில் சிரித்தாள்.

"ஏறுங்க்கா" என்றார் பாஸ்டர். "அடுத்த ஆளு நிக்கறாங்க."

ஜோதி ஏறவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெயில் முகத்தில் பட்டது.

"ஏம்புள்ள, எனக்குக் கை கடுக்குது" என்றான் செங்கோடன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் புடிங்க. இப்பத்தானுங்க வந்திருக்கேன்."

செங்கோடன் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர், வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். செங்கோடன் காலை மாற்றி உட்கார்ந்துகொண்டு, பிடியை விடாமல், "செரி, நில்லு" என்றான்.